ஆளுக்கொரு வேல்

கோயில் குன்றில் நான் ஏற்றிவைத்த வேல் விளக்கை முதன்முதலாகப் பார்த்ததும் எங்கள் கோயில் தலைவர் என் பக்கம் திரும்பிக் கேட்டது இதுதான்:

“ஏம்ப்பா, நீ எப்ப வேதத்துல சேர்ந்த?”

வேதத்தில் சேர்வது என்றால் எங்கள் தோட்டத்தில் கிறிஸ்துவராவது என்று அர்த்தம். நான் எதிலும் சேரவில்லை. நான் தேயிலைத் தொழிற்சாலையின் வயர்மேன். பச்சை இலையை வாட்டும் தொட்டிகளுக்குக் காற்றடிக்கிற மோட்டாரிலிருந்து தோட்டத்து மேனேஜரான துரை வீட்டு வாசல் மணி வரைக்கும், இந்தத் தோட்டத்தில் மின்சாரம் ஓடுகிற இடமெல்லாம் இருபத்தாறு வருஷமாக என் கை பட்ட இடம். கையில் ஷாக் அடித்த தழும்பு மூன்று இருக்கிறது. ஆனால் நான் போட்ட விளக்கைப் பார்த்து என் மதத்தைச் சந்தேகப்பட்டவர்கள் அதுவரை யாரும் இல்லை.

தலைவர் ஒரு காலத்தில் தோட்டத்து ஆபீசில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆகியும் எல்லோருக்கும் அவர் பெரிய கிராணிதான். அந்த வருஷம் பங்குனி உத்திரத்துக்கு ஏதாவது புதிதாகச் செய்ய வேண்டும் என்று அவருக்கு ஆசை. கோயிலுக்குப் பின்னால் தேயிலைச் செடிகள் வரிவரியாக ஏறிப்போய் முடிகிற உச்சியில் ஒரு பழைய தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதன் மேல் ஒரு விளக்கு வேல் நின்றால், பிரிஞ்சாங் டவுனிலிருந்து வருகிற ரோட்டில் திரும்பும்போதே தெரியும் என்றார். கமிட்டியில் எல்லோரும் தலையாட்டினார்கள். வேலை என் தலையில் விழுந்தது.

இரும்புக் கம்பியில் பன்னிரண்டு அடி உயரத்துக்குச் சட்டம் செய்தேன். அதன் ஓரம் முழுக்க வெள்ளை எல்இடி கயிற்று விளக்கை வளைத்துக் கட்டினேன். கோயில் வாசலில் படுக்கப் போட்டிருந்தபோது போகிறவர்கள் எல்லாம் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நானும், ஜாகா என்கிற காவல் வேலை பார்க்கிற நேப்பாளக்காரரும் அதைத் தோளில் சுமந்து மேலே கொண்டுபோய்த் தொட்டியின் மேல் நிறுத்தினோம். அன்று சாயங்காலமே ஒருமுறை எரியவிட்டு, கீழே கோயில் திடலில் தனியாக நின்று பார்த்தேன். அங்கிருந்து வேல் ஓர் அரிசி அளவு தெரிந்தது. வேலின் இலை போன்ற தலைப்பகுதியில் இடது பக்கம் மட்டும் கொஞ்சம் பருத்தாற்போல இருந்தது. மறுநாள் மேலே போய், சரிக்கட்டுவதற்காக வலது பக்கத்தில் இன்னொரு சுற்று விளக்கு வைத்துக் கட்டினேன். அன்றைக்குக் கீழே வந்து பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல, தராசில் வைத்த மாதிரி இருந்தது. எனக்கே என் கையை முத்தமிட வேண்டும்போல இருந்தது.

மூன்றாம் நாள், சாயங்கால பூஜை முடிந்ததும், எல்லோரையும் திடலுக்கு அழைத்து, தலைவர் கையாலேயே சுவிட்சைப் போட வைத்தோம். மழை விட்டுப் பனியும் விலகியிருந்தது. குன்றின் மேல் வேல் வெள்ளையாக எரிந்தது. “அரோகரா” என்று கூட்டம் கத்தியது. அப்போதுதான் தலைவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“நல்லா பாருங்கய்யா, வேலுதான்” என்றேன்.

“எனக்குக் கண்ணு இல்லையா? நேரா ஒரு கம்பு. அதுக்குக் குறுக்கால ஒரு கம்பு. குருசு இல்லாம வேற என்ன?”

பக்கத்தில் நின்ற அக்காவைச் சாட்சிக்கு இழுத்தேன். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் கடைசி வீட்டில் இருப்பவர், முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர், பொய் சொல்லத் தெரியாதவர். “அக்கா, நீங்க சொல்லுங்க. வேலுதானே?”

“வேலுதான் தம்பி” என்றார் அவர். நான் தலைவரைப் பெருமையாகப் பார்த்தேன். “ஆனா எதுக்கு ரெண்டு?” என்று அக்கா முடித்தார். “முருகனுக்குச் சம்சாரம்தான் ரெண்டு. வேலு ஒண்ணுதானே?”

என் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். கல்யாணமாகி இருபத்தேழு வருஷம். பொது இடத்தில் என்னை விட்டுக்கொடுத்ததே இல்லை. அவள் மெதுவாக என் காதருகே வந்து, “அழகா இருக்குங்க, மத்தாப்பு மாதிரி” என்றாள்.

ஒரே ஓர் ஆள்தான் வேல் என்று தெளிவாகச் சொன்னார். திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றுகிற லோரி ஓட்டுநர். லயத்தில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர். எங்கள் லயத்திலேயே அவர் ஒருவர்தான் வேதக்காரர். சத்தம் கேட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தார். “வேலு நல்லா தெரியுதுண்ணே” என்றார். “வலது பக்கம் மட்டும் கொஞ்சம் வீங்குன மாதிரி இருக்கு லா.” வேலைப் பற்றி வேதக்காரருக்கு என்ன தெரியும் என்று அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

இப்படியாக, கோயில் தலைவருக்குக் குருசும் வேதக்காரருக்கு வேலும் தெரிந்த நிலையில் அன்றைய விழா முடிந்தது.

மறுநாள் காலை வேலைக்குப் போகுமுன் குன்றில் ஏறினேன். பகல் வெளிச்சத்தில் அது வேல்தான். கைப்பிடியைத் தடவிப் பார்த்தேன். குறுக்காக எதுவும் இல்லை. சந்தேகத்துக்கு, வெளியே தொங்கிய வயரை எல்லாம் உள்ளே தள்ளிக் கறுப்பு டேப் சுற்றினேன். கீழே இறங்கிவந்து தலைவரைத் திடலில் நிறுத்திக் காட்டினேன். அவரும் பகலில் பார்த்துவிட்டு, “இப்ப சரியா இருக்கு. நேத்தே இப்படிச் செஞ்சிருக்கலாம்ல?” என்றார். சாயங்காலம் எரியவிட்டதும் அவருக்கு மறுபடியும் குருசு.

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. என்னை மேலே நிற்கச் சொல்லிவிட்டு, கீழே திடலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, தலைவர் போனில் உத்தரவு கொடுத்தார்.

“இடது பக்கம் ஒரு கை நீட்டிக்கிட்டு இருக்கு பாரு. அதை வெட்டு.”

“ஐயா, இங்க கையே இல்லீங்கய்யா.”

“எனக்குத் தெரியுது, உனக்குத் தெரியலையா? பக்கத்துல நின்னுக்கிட்டு? வெட்டுப்பா.”

என்ன செய்வது? வயர் வெட்டுகிற குறட்டை எடுத்து, அவர் சொன்ன இடத்தில், வெறும் காற்றில், டக் டக் என்று இரண்டு முறை வெட்டினேன்.

“ஆங்” என்றார் தலைவர். “இப்ப கொஞ்சம் பரவால்ல. இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி.”

இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக் காற்றை வெட்டினேன். அதற்குள் போன் கைமாறியது. அக்கா பேசினார். “தம்பி, கீழ இருக்கிறதுதான் எனக்கு நல்லா தெரியுது. மேல மங்கலா இருக்கிறதைக் கழட்டிரு. யாரு மனசும் நோகாது.” சரி என்றேன். என்னோடு வந்திருந்த நேப்பாளக்காரர் நான் காற்றை வெட்டுவதை முதலில் சிரித்துக்கொண்டு பார்த்தார். பிறகு சிரிப்பு நின்றுபோய், தொட்டியின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

கமிட்டி கூடியது. குருசா வேலா என்பதைப் பேசித் தீர்க்க முடியாததால், எல்லோரும் வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்க் கையைத் தூக்க வேண்டும் என்று முடிவானது. செயலாளர் நோட்டில் எழுதியதை நானே படித்தேன்: “வேல் நான்கு, மத்தாப்பு மூன்று, குருசு ஒன்று. ஒருவர் நடுநிலை வகித்தார்.” நடுநிலை வகித்தது நான்தான். எனக்கு வேல் தெரிந்தது. ஆனால் அதைச் செய்தவனே ஓட்டுப் போடுவது முறையில்லை என்று நினைத்தேன். மத்தாப்புக்காரர்கள் மூவரும், கொடியேற்றத்துக்குள் மத்தாப்பைக் குறைக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். அதுவும் நிறைவேறியது.

வெளிச்சத்தைக் குறைக்கிற ஒரு கருவி வாங்கி மாட்டலாம் என்று சனிக்கிழமை தானா ராத்தா டவுனுக்கு மோட்டார் சைக்கிளில் போனேன். மின்சாதனக் கடை அப்போது திறக்கவில்லை. பக்கத்தில் கண்ணாடிக்கடை திறந்திருந்தது. கடைக்குள், ஈப்போ பக்கத்திலிருந்து வந்து கண் பார்க்கிற ஒரு தமிழ்ப் பெண் உட்கார்ந்திருந்தாள். என் மகள் வயசுதான் இருக்கும். எனக்குக் கண்ணில் ஒன்றும் இல்லை. வெளியே சாரல் அடித்தது, உள்ளே போய் நின்றேன். நின்ற பாவத்துக்கு ஏதாவது பேச வேண்டுமே என்று குருசுக் கதையைச் சொன்னேன்.

அவள் சிரிக்கவே இல்லை. அதுதான் எனக்கு முதல் ஆச்சரியம். “அந்தத் தாத்தா தலையைச் சாய்ச்சுப் பார்த்தாரா அங்கிள்?” என்று கேட்டாள்.

“எதுக்கும்மா?”

“நட்சத்திரமோ குறுக்குக் கோடோ விளக்குல இருந்தா, நாம தலையைச் சாய்ச்சாலும் அது அப்படியே நிக்கும். கண்ணுல இருந்தா, நம்ம கூடவே சாயும்.”

இதைச் சொல்லிவிட்டு, மேஜையில் கிடந்த டார்ச்சை எரியவைத்துச் சுவரோரம் தூரத்தில் வைத்தாள். கடையின் விளக்கை அணைத்தாள். “பாருங்க. எப்படித் தெரியுது?”

“லைட்டு எப்படித் தெரியுமோ அப்படித்தான். இடது பக்கம் கீழ வால் இழுத்துக்கிட்டு.”

“சாய்ங்க.”

சாய்ந்தேன். வாலும் சாய்ந்தது. நிமிர்ந்தேன், வாலும் நிமிர்ந்தது. மறு பக்கம் சாய்ந்து பார்த்தேன். நாய்க்குட்டி மாதிரி என் பின்னாலேயே வந்தது.

அவள் விளக்கைப் போட்டு, ஒரு கருவியின் முன்னால் என் தாடையை வைக்கச் சொன்னாள். வட்ட வட்டமாக வெளிச்சம் தெரிந்தது. பிறகு ஒரு படத்தைத் திருப்பிக் காட்டினாள். மலைக்கு வரைபடம் போட்ட மாதிரி, நடுவில் ஓர் இடம் சிவப்பாக மேடு தட்டியிருந்தது. “கண்ணோட முன்பக்கம் பந்து மாதிரி உருண்டையா இருக்கணும் அங்கிள். உங்களுக்குக் கொஞ்சம் கூம்பி இருக்கு. கோழிமுட்டையோட கூரான பக்கம் மாதிரி. ரெண்டு கண்ணுலயும். கண்ணை ரொம்பக் கசக்குவீங்களா?”

இருபத்தாறு வருஷம் தேயிலைத் தூசியில் வேலை பார்ப்பவனிடம் கேட்கிற கேள்வி. “சின்ன வயசுலேர்ந்தே” என்றேன்.

“இனிமே கசக்காதீங்க. பகல்ல கண்மணி சின்னதா சுருங்கிக்கும். நடுவுல இருக்கிற நல்ல இடம் வழியா மட்டும் வெளிச்சம் உள்ள போகும். அதனால ஒண்ணும் தெரியாது. இருட்டுனா அது விரியும். ஓரத்துல இருக்கிற கோணல் எல்லாம் அப்பதான் வெளியே வரும். எல்லாருக்குமே கொஞ்சம் இருக்கும். நட்சத்திரம் நட்சத்திரமாவா வானத்துல இருக்கு? அது ஒரு புள்ளி. முனை முனையா தெரியுறது நம்ம கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸால. அதுல தையல் போட்ட மாதிரி கோடுங்க இருக்கு. கைரேகை மாதிரி, ஆளுக்கு ஒண்ணு.”

மறுபடி விளக்கை அணைத்து, ஒரு அட்டையில் ஊசியால் குத்திய ஓட்டை வழியாக டார்ச்சைப் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். வால் இல்லை. சின்னதாக, உருண்டையாக, கடுகு போல ஒரு வெளிச்சம். அட்டையை எடுத்தால் வால். வைத்தால் கடுகு.

எனக்கு வயசு ஐம்பத்திரண்டு. விளக்கே தொழிலாக வாழ்ந்தவன். உலகத்தில் நான் மாட்டின எந்த விளக்குக்கும் வால் இல்லை என்பது அன்று சாரலில் ஒதுங்கியதால்தான் எனக்குத் தெரிந்தது. வெளிச்சம் என்றாலே இடது பக்கம் கொஞ்சம் ஒழுகும் என்று, தண்ணீர் பள்ளத்துக்கு ஓடும் என்பது மாதிரி, நம்பிக்கொண்டிருந்தேன். யாரிடமும் கேட்கத் தோன்றியதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. கொஞ்ச நேரம் அந்த அட்டையைக் கண்ணில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண், நல்லவள், அவசரப்படுத்தவில்லை.

பிறகுதான் குன்றின் மேல் நிற்கிற வேல் ஞாபகத்துக்கு வந்தது. இடது பக்கம் பருத்தது வேல் இல்லை, என் கண். அப்படியானால் சரிக்கட்டுவதற்காக வலது பக்கம் ஒரு சுற்று விளக்கை வைத்துக் கட்டியிருக்கிறேனே? லோரிக்காரர் சொன்னது நிஜம். தோட்டம் முழுவதும் அண்ணாந்து கும்பிடுகிற குன்றின் மேல், வலது கன்னம் வீங்கிய வேல் ஒன்றை நிறுத்திவைத்திருந்தேன்.

அந்த அட்டையை இரவல் கேட்டேன். அவள் இன்னும் நாலு சேர்த்துக் கொடுத்து, குறுக்குக் கோடு தெரிகிற தாத்தாவுக்குக் கண் கொஞ்சம் அமுங்கியிருக்கும் என்றும், ரெண்டாகத் தெரிகிறது என்ற அக்காவை உடனே ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும் என்றும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏறிப்போய், கூடுதல் சுற்றைக் கழற்றினேன். இந்த முறை லோரிக்காரரைத் திடலில் நிறுத்தி, போனில் அவர் சொல்லச் சொல்லச் சரிபார்த்தேன். கோயில் வேலுக்கு வேதக்காரர் அளவு சொன்னதைத் தலைவரிடம் நான் சொல்லவில்லை. இன்றைக்கு வரை சொல்லவில்லை.

ஆனால் குருசைப் பற்றிச் சொல்லியாக வேண்டுமே. மத்தியானம் தலைவர் வீட்டுக்குப் போனேன். சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஐயா, கோபப்படாதீங்க. குருசு வேலுல இல்ல. உங்க கண்ணுல இருக்கு” என்றேன்.

பேப்பர் மெதுவாக இறங்கியது. “என் கண்ணுல?”

“ஆமாங்கய்யா. கண்ணு கொஞ்சம் அமுங்கியிருக்கும். அதனால வெளிச்சம் குறுக்கால கோடு இழுக்குது.”

“அமுங்கியிருக்கா? யாரு அமுக்குனது?”

“யாரும் அமுக்கலீங்க. பொறவியிலேயே.”

அவர் எழுந்து நின்றார். அவருடைய தாத்தா காவடி எடுத்தவர், அப்பா இந்தக் கோயிலுக்குக் கல் சுமந்தவர், அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த தன் கண்ணில் பிறவியிலேயே குருசு இருக்கிறது என்று ஒரு வயர்மேன் வீடேறி வந்து சொல்வதா என்று கத்தினார். உள்ளேயிருந்து அவர் மனைவி காப்பியோடு வந்து, அந்தக் காப்பியோடு திரும்பிப் போனார். நான் தலைகுனிந்து நின்று, அவர் மூச்சுவாங்கிய இடைவெளியில், தலையைச் சாய்க்கிற சோதனையைச் சொன்னேன்.

“அப்ப எல்லாரும் செய்யட்டும்” என்றார் தலைவர். “எல்லாரும். நான் மட்டும் ஏன் சாயணும்?”

அன்று சாயங்கால பூஜைக்கு வந்தவர்கள் அறுபது, எழுபது பேர் இருப்பார்கள். தீபாராதனை ஆனதும் தலைவர் மைக்கைப் பிடித்தார். “பக்தகோடிகளே, எல்லாரும் திடலுக்கு வந்து குன்றைப் பாருங்க. நான் சொல்றப்ப தலையை இடது பக்கம் சாய்க்கணும். சாய்ச்சுட்டு என்ன தெரியுதுன்னு உண்மையைச் சொல்லணும். கோயில் வாசல்ல நிக்கிறோம், ஞாபகம் இருக்கட்டும்.”

இருட்டிவிட்டிருந்தது. வேல் எரிந்தது. “இடது!” என்றார் தலைவர். அறுபது எழுபது தலைகள் ஒன்றாகச் சாய்ந்தன. “வலது!” என்றார். ஒன்றாக மறுபக்கம் சாய்ந்தன. என்ன நடக்கிறது என்று புரியாமல் நாதஸ்வரக்காரர் ஒரு மெட்டை மெல்ல ஆரம்பித்து, பிறகு நிறுத்தினார்.

முதலில் கத்தியது அக்காதான். “ஐயையோ, ஒரு வேலு நின்ன எடத்துலயே நிக்குது! இன்னொண்ணு அதைச் சுத்தி வருது!” கைகூப்பிக்கொண்டு, இரண்டாவது வேல் முதல் வேலைப் பிரதட்சணம் வருவதைப் பார்க்க, அவர் இடதும் வலதுமாக ஆடிக்கொண்டேயிருந்தார்.

என் மனைவி, “சக்கரம் மாதிரி சுத்துதுங்க” என்றாள். இன்னொருவர் தன் மத்தாப்பும் சுற்றுவதாகச் சொன்னார். உன்னுடையதில் எத்தனை கம்பி, என்னுடையதில் இத்தனை கம்பி என்று பேச்சு கிளம்பியது. அடுத்தவர் நிற்கிற இடத்தில் போய் நின்றால் அவருக்குத் தெரிவது தனக்கும் தெரியும் என்று நினைத்து இரண்டு பேர் இடம் மாறிக்கொண்டார்கள். அங்கேயும் தங்களுடையதே தெரிந்ததும் ஏமாந்துபோனார்கள்.

அந்த நேரம் பார்த்துத் துரையின் கார் வந்தது. கோலாலம்பூரிலிருந்து புதிதாக வந்திருந்த இளவட்டத் துரை. கண்ணாடியை இறக்கி, “என்ன அண்ணே, யோகா கிளாஸா?” என்று என்னிடம் கேட்டார். நான் குன்றைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் காரை அணைத்துவிட்டு இறங்கி, கொஞ்சம் வெட்கத்தோடு, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, தலையைச் சாய்த்தார். “ஓ” என்றார். மறுபடியும் சாய்த்தார். அதற்குப் பிறகு கால்மணி நேரம் அவர் போகவே இல்லை.

தலைவர் மட்டும் மைக்கைப் பிடித்தபடி நேராக நின்றார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் மேல்துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு, கழுத்து வலிக்காரர் மாதிரி மிக மெதுவாகச் சாய்ந்தார். மைக்கில் அவருடைய மூச்சு கேட்டது.

“நடுக்கம்பு நிக்குது” என்றார். “குறுக்குக் கைதான்பா சாயுது.”

நிமிர்ந்தார். “இப்ப நேரா ஆயிட்டுது.” மறுபக்கம் சாய்ந்தார். “இந்தப் பக்கமும் வருது. எங்கூடவே வருது.” நான் ஓடிப்போய் ஓட்டை போட்ட அட்டையை அவர் கண்ணில் வைத்தேன். ஓட்டைக்குள் வேல் அகப்படக் கொஞ்சம் நேரமானது. அகப்பட்டதும் அவர் அசையவில்லை. அவருக்கு வேல் தெரிந்தது என்பதை மைக் வழியாக ஊருக்கே கேட்ட ஒரு சின்ன ‘ஆ’விலிருந்து தெரிந்துகொண்டோம்.

திருவிழாவுக்குள் அட்டை தேவைப்பட்டது. தொழிற்சாலையில் தேயிலைத் தூள் அடைக்கிற பெட்டிகளில், அச்சுப் பிசகியவற்றைத் துரை எடுத்துக்கொள்ளச் சொன்னார். வீட்டில் நானும் மனைவியும் உட்கார்ந்து வெட்டி, ஒவ்வொன்றிலும் ஊசியால் ஒரு குத்து. கொடியேற்றத்தன்று வாசலில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் அட்டைத் தட்டும் இருந்தது. வந்தவர்கள் விபூதியைப் பூசிக்கொண்டு, அட்டையைக் கண்ணில் வைத்துக் குன்றைப் பார்த்துக் கும்பிட்டார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் அதை ஒரு சம்பிரதாயம் என்று நினைத்துக்கொண்டு, மூலஸ்தானத்தையும் அட்டை வழியாகவே தரிசித்துவிட்டுப் போனது. குருக்கள் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

எல்லோருக்கும் அது பிடித்தது என்று சொல்ல மாட்டேன். ஓட்டை வழியாக வேல் சுத்தமாகத் தெரிந்தாலும், மங்கலாகவும் பொடியாகவும் இருக்கிறது என்று குறைப்பட்டார்கள். “இவ்வளவு பெரிய சாமிக்கு இம்மாத்துண்டு வேலா?” என்று ஒருவர் அட்டையைத் தட்டிலேயே திருப்பிப் போட்டார். அக்கா ஒருமுறை பார்த்துவிட்டு, “ஒண்ணாத்தான் இருக்கு” என்று ஒப்புக்கொண்டு, அட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, தன்னுடைய இரண்டு வேல்களையே கும்பிட்டார்.

கண்ணாடிக்கடைப் பெண் சொன்னபடி, இரட்டையாகத் தெரிவதாகச் சொன்ன அக்காவை முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அவருக்குக் கண்புரை ஆரம்பித்திருந்தது. சில மாதம் கழித்து ஆபரேஷன் ஆனது. கட்டுப் பிரித்து வந்த அன்று எங்கள் வீட்டுக்கு வந்து என்னை வாசல் வெளிச்சத்தில் நிற்கவைத்துப் பார்த்தார். “தம்பி, நீ இவ்வளவு கிழவனாயிட்டியா!” என்றார். அவர் சொன்ன விதத்தில் நிஜமான துக்கம் இருந்தது.

தலைவர் கண்ணாடி போட்டுக்கொண்டார். குருசு போய்விட்டது. ஆனால் போட்ட முதல் வாரம் தரை சாய்ந்திருப்பதாகவும், கோயில் படி ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரத்தில் இருப்பதாகவும் சொல்லி, கொத்தனாரை வரவழைத்து ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சொன்னார். பழகினால் சரியாகிவிடும் என்று அந்தப் பெண் போனில் எனக்குச் சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் கண்ணைப் பற்றி ஒருமுறை பேசியதே போதும் என்று இருந்தது. படிகள் மட்டமாக இருப்பதாகக் கொத்தனாரே சொல்லிவிட்டார்.

எனக்குக் கண்ணாடியால் பயனில்லை. கண்மணிமேல் ஒட்டவைத்துக் கழற்றுகிற கெட்டியான லென்ஸ்தான் சரிப்படும் என்றார்கள். அதைச் செய்து வாங்க நாள் ஆனது. முதல் நாள் கண்ணில் மணல் விழுந்த மாதிரி நீர் கொட்டியது. அதோடு மனைவியைப் பின்னால் உட்காரவைத்து, தானா ராத்தாவிலிருந்து மோட்டாரில் திரும்பினேன். இருட்டத் தொடங்கிய நேரம். வளைவு திரும்பியதும், எதிர்மலையில் பூந்தோட்டக் கூடாரங்களின் விளக்குகள் வரிசையாகத் தெரிந்தன. மோட்டாரை ஓரமாக நிறுத்தினேன்.

“என்னங்க, பெட்ரோல் தீர்ந்துடுச்சா?”

“லைட்டெல்லாம் மொட்டையா இருக்கு” என்றேன்.

புள்ளி புள்ளியாக, கணக்கெடுக்கலாம்போல இருந்தன. எவ்வளவு விளக்குகள்! முன்பு அந்த மலை எனக்கு ஒரே வெள்ளைக் கசிவாக, பால் பொங்கி வழிந்த அடுப்பு மாதிரி இருக்கும். அதுதான் அழகு என்று நினைத்திருந்தேன். இதுவும் அழகில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பல்புதான். நான் தினமும் மாட்டுகிற அதே பல்பு. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டானதும், பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தையும் ஒரு பென்சிலையும் மனைவியிடம் கொடுத்தேன். லயத்து முனையில் இருக்கிற கம்பத்து விளக்கை ஜன்னல் வழியாகப் பார்த்து, அவளுக்கு எப்படித் தெரிகிறதோ அப்படியே வரையச் சொன்னேன்.

“எதுக்கு இப்ப?”

“சும்மா. பார்க்கணும்.”

அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்தாள். நீளமாக ஏழு முனை, இடையிடையே குட்டையாக, ரம்புத்தான் தோல் மாதிரி மயிர்கள். மேலே ஒரு முனை மட்டும் இரண்டாகப் பிளந்திருந்தது. நான் கனவிலும் நினைத்திராத ஓர் உருவம். இத்தனை வருஷம் அதே ஜன்னல் வழியாக, அதே விளக்கை, அவள் இப்படியா பார்த்துக்கொண்டிருந்தாள்?

நான் ஒரு பக்கத்து லென்ஸைக் கழற்றிவிட்டு, என் வாலை அதன் பக்கத்தில் வரைந்தேன். அவள் அதை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

“பாவம், ஒழுகுதே” என்றாள்.

“மறு கண்ணை வரையட்டுமா?”

“இருங்க, எனக்கும் இன்னொரு கண்ணு இருக்குல்ல” என்று பென்சிலை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.